நாலு மணித் தேதி

என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். வாய் நீளம், முன்கோபம், ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களை மனுஷராகவே மதிப்பதில்லை என்றெல்லாம் அலுவலகத்தில் பேச்சு உண்டு. எல்லாம் உண்மைதான். ஆனால் வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வரும் எந்தக் காகிதமும் என் கையால் முத்திரை வாங்கிக்கொண்டுதான் மாடி ஏற வேண்டும்.

முத்திரை என்பது மரப்பிடி போட்ட பழைய சாமான். நாள், மாதம், வருடம் என்று மூன்று ரப்பர் சக்கரங்கள். நகத்தால் தள்ளினால் நகரும். ஐந்தரை மணி வரை வருகிற காகிதத்துக்கு அன்றைய தேதிதான் போட வேண்டும் என்பது விதி. ஆனால் எங்கள் பிரிவில் வேறு வழக்கம். நாலு மணிக்குப் பதிவேட்டை முடித்து சூப்பிரண்டு கையெழுத்துக்கு அனுப்பிவிடுவோம். அனுப்பிய கையோடு நான் நாள் சக்கரத்தை ஒரு பல் முன்னால் தள்ளிவிடுவேன். நாலு மணிக்கு மேல் வருகிற சில்லறைக் காகிதங்களெல்லாம் மறுநாள் கணக்கு. அவசரக் காகிதம் ஏதாவது வந்தால் மட்டும் சக்கரத்தைப் பின்னுக்குத் திருப்பி, குத்தி, மறுபடி முன்னால் தள்ளி வைப்பேன். யோசித்துச் செய்கிற வேலை இல்லை இது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது போலக் கை அதுபாட்டுக்குச் செய்யும்.

என் அண்ணன் இதே வாரியத்தில் பம்பு ஆபரேட்டர். முப்பத்தாறு வருடம் பம்பு ஹவுசிலேயே கிடந்து காது பாதி போய்விட்டது. அதனால் அண்ணன் பேசுவதெல்லாம் கத்தல்தான். பக்கத்தில் உட்கார்ந்து உப்பு கேட்டால் கூட எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். ஐம்பத்து நாலு வயதாகிற என்னை இன்னும் 'பாப்பா' என்று, அதுவும் அந்தக் குரலில், நடு வராந்தாவில் கூப்பிடுவார். மானம் போகும். ஆனாலும் கூப்பிடாவிட்டால் எனக்கு அன்றைக்கு ஏதோ குறையும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் சம்பளத் திருத்தம் வந்தது. பட்டியலைத் தட்டச்சு செய்த புண்ணியவான் ஒரு வரியைத் தாண்டிவிட்டான். அதற்குக் கீழே இருந்த பதவிகளெல்லாம் ஒரு படி இறங்கின. பம்பு ஆபரேட்டர்கள் ஹெல்பர் கிரேடில் போய் விழுந்தார்கள். பிழை என்று எல்லோருக்கும் தெரியும். வாரியத்தின் சேர்மனுக்கே தெரியும். ஆனால் திருத்த ஒருவருக்கும் கை வரவில்லை. மனு மேல் மனு போட்டார்கள், அத்தனை மனுவிலும் நான்தான் முத்திரை குத்தினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். அதையும் நானே பதிந்து அனுப்புவேன். ஒன்பது வருடம் இந்தக் கூத்து நடந்தது.

மற்றவர்களுக்கு இன்றில்லாவிட்டால் நாளை. அண்ணனுக்கு நாளை கிடையாது. இந்த மாதம் முப்பத்தோராம் தேதி ஓய்வு. கடைசி நாளில் எந்த கிரேடில் இருக்கிறாரோ அதை வைத்துத்தான் சாகும்வரை பென்ஷன். அதற்குப் பிறகு திருத்தம் வந்தால் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பம்பு ஹவுஸ் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். அண்ணி என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் பேசியும் வைத்திருந்தாள். சமையலறையில் ஜன்னல் இருக்கிறதாம். குவார்ட்டர்ஸ் சமையலறையில் முப்பது வருடமாக ஜன்னல் இல்லாமல் புகையில் வெந்தவள் அவள். கிரேடு திருத்தம் வந்தால் அந்த வீடு. வராவிட்டால் வெளியூரில் மகள் வீட்டில், அவளுடைய மாமியாரோடு ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த முறை மூன்று சங்கமும் சேர்ந்து வேலைநிறுத்தம் என்று முடிவு செய்தார்கள். பதினாறாம் தேதி முதல் பம்பு ஓடாது. தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால், முழுதாகப் பதினாலு நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதாவது ஒன்றாம் தேதிக்குள். ஒன்றாம் தேதி காலையிலேயே கொடுத்திருக்கலாம். மூன்று செயலாளர்களில் யார் கையெழுத்து மேலே வருவது என்று சாயங்காலம் வரை சண்டை.

நாலு பத்துக்குத்தான் வந்தார்கள். முன்னால் எங்கள் சங்கச் செயலாளர். அவரை எல்லோரும் 'மைக்' என்றுதான் சொல்வோம். தூக்கத்தில் கூடக் கையை உயர்த்திக்கொண்டுதான் படுப்பார் என்று அவர் வீட்டம்மாவே சொன்னதாகக் கேள்வி. பின்னால் நாற்பது பேர். கோஷம், போட்டோ, தள்ளுமுள்ளு என்று ஒரே கலவரம். கூட்டத்தின் கடைசியில் அண்ணன் எண்ணெய்ச் சட்டையோடு நின்று எனக்குக் கையை ஆட்டினார்.

"பலமா குத்துங்கக்கா. சேர்மன் காதுல விழணும்" என்றார் மைக்.

நானும் பலமாகத்தான் குத்தினேன். ஓங்கி, மேசை அதிர, இரண்டு நகலிலும். ஒன்பது வருடக் கோபம் எனக்கும்தானே இருக்கிறது? எல்லோரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கை தட்டியது அன்று ஒருநாள்தான். ஒரு நகலை மைக் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கோஷம் போட்டபடியே படியிறங்கினார். அலுவலக நகலை நான் தட்டில் போட்டேன். யாரும் தேதியைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தட்டில் மேலாக இருந்த நோட்டீஸைப் பதிவதற்கு எடுத்தேன். முத்திரையில் இரண்டாம் தேதி. ஒரு நிமிடம் ஒன்றும் உறைக்கவில்லை. இன்றைக்கு இரண்டாம் தேதி, சரியாகத்தானே இருக்கிறது என்று பேனாவைத் திறந்துவிட்டேன். பிறகுதான் இது நேற்று வந்த காகிதம் என்பது மண்டையில் ஏறியது. நாலு மணிக்கு வழக்கம்போல் சக்கரத்தைத் தள்ளியிருக்கிறேன். கூட்டத்தைக் கண்ட சந்தோஷத்தில் பின்னுக்குத் திருப்பாமலே குத்தியிருக்கிறேன்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் பம்பு இரைந்தது.

"அண்ணே, பதினாலு நாள்னு சொல்றாங்களே, நோட்டீஸ் கொடுத்த நாளும் அதுல சேருமா?"

"சேராது பாப்பா! மறுநாள்லேர்ந்துதான் எண்ணணும்! ஏன் கேக்குறே?"

"சும்மாதான்."

"நேத்து நீ குத்துன குத்து பம்பு ஹவுஸ் வரைக்கும் கேட்டுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்! உங்க அண்ணி சிரிச்சு சிரிச்சுப் புரையேறிட்டா!"

போனை வைத்துவிட்டேன். அப்போது மணி ஒன்பதே முக்கால். அந்த நேரத்தில் சரிசெய்திருக்கலாம். நேற்றைய பக்கத்தைத் திறந்து கடைசி வரியாகப் பதிந்து, 'தவறுதலாக மறுநாள் தேதியிடப்பட்டது' என்று ஒரு விளக்கம் எழுதி, சூப்பிரண்டிடம் கையெழுத்து வாங்கி, மைக்கைக் கூப்பிட்டு அவர் நகலிலும் திருத்திக் கொடுத்திருந்தால் முடிந்தது கதை. அரைமணி நேர வேலை.

ஏன் செய்யவில்லை என்று கேட்டால் சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு டெண்டர் உறையில் தேதி மாறி எனக்கு ஒரு மெமோ கொடுத்து, ஒரு இன்கிரிமென்ட்டையும் வெட்டினார்கள். இன்னொரு விளக்கக் கடிதம் என் கோப்பில் ஏறினால் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும். அந்தப் பட்டியலில் நான் மூன்றாவது. இருபத்திரண்டு வருடம் ஒரே நாற்காலியில் தேய்ந்தவளுக்கு சூப்பிரண்டு பதவி வரப்போவது அந்த மாதம்தான். யார் உட்கார்ந்து நாள் எண்ணப் போகிறார்கள், நோட்டீஸ் வந்த விஷயம் ஊருக்கே தெரியும், நாற்பது பேர் சாட்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தேதிப் பக்கத்தில், முதல் வரியாக, என் அழகான கையெழுத்தில் நோட்டீஸைப் பதிந்தேன்.

அடுத்த பத்து நாளும் நன்றாகத்தான் போயிற்று. பயந்தது சேர்மன்தான். ஊரில் ஜனங்கள் குடம், டிரம், குளியல் தொட்டி என்று அகப்பட்டதிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைக்க ஆரம்பித்தார்கள். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். பன்னிரண்டாம் தேதி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். பதினாலாம் தேதி திருத்த ஆணையின் வரைவே தயாராகிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். 'பம்பு ஆபரேட்டர்' என்ற வார்த்தைக்கு எதிரே சரியான கிரேடு. அன்று மத்தியானம் அண்ணி போன் செய்து, சமையலறை ஜன்னலுக்குத் திரை வாங்கலாமா, வேண்டாமா, வாங்கினால் அழுக்காகுமே என்று இருபது நிமிடம் பேசினாள். நானும் பேசினேன். எனக்கு அன்று பசியும் எடுத்தது.

சாயங்காலம் கையெழுத்துப் போடும் நேரத்தில் சட்ட அலுவலர் கோப்பைக் கேட்டாராம். ஒல்லியான மனுஷன், ஒரு வருடத்தில் ஒன்பது வார்த்தை பேசுவார். நோட்டீஸைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். பிறகு மைக்கிடம் அவருடைய நகலையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"பதிமூணு நாள்தான் ஆகுது. நோட்டீஸ் செல்லாது. வேலைக்கு வராதவங்க மேல நடவடிக்கை எடுக்கலாம்" என்றார்.

சேர்மன் திறந்த பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். அதிலும் இரண்டாம் தேதி, முதல் வரி. நாற்பது பேர் சாட்சி சொன்னாலும் பதிவேடு சொல்வதுதான் எடுபடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றிரவே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சங்க அறைக்கு என்னை வரச்சொன்னார்கள். உட்காரச் சொல்ல ஒருவரும் இல்லை.

"என்னக்கா இது? எவ்வளவுக்கு வித்தீங்க எங்களை?" என்றார் மைக்.

"அளந்து பேசுங்க. நாலு மணிக்குத் தேதி திருப்புறது என் வழக்கம்னு உங்களுக்கே தெரியும். காலையில கொடுக்க வேண்டியத நாலு பத்துக்குக் கொண்டு வந்துட்டு என்மேல பாயறீங்களா?"

"பட்டியல்ல பேர் இருக்குல்ல, அதான் சேர்மனுக்குச் சாமரம் வீசுறாங்க" என்றார் ஒரு டிரைவர். சிலர் சிரித்தார்கள். என்னைப் பார்த்துக் காறித் துப்பாத குறைதான்.

மூலையில் இருந்து அண்ணன் எழுந்தார். அவர் பேசினால் தகரக் கூரை அதிரும்.

"நிறுத்துங்கடா! என் தங்கச்சிக்கு வாய் நீளம், ஒத்துக்கறேன். எனக்கே பல தடவை கிடைச்சிருக்கு. ஆனா அவ கை சுத்தம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானா பண்ணிடுச்சு. மறுநாளே அவளுக்குத் தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஓடி வந்து சொல்லியிருக்க மாட்டாளா? பாப்பா என் வயித்துல அடிப்பாளா? இதுல மொத அடி எனக்குத்தான். நானே வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன், உங்களுக்கு என்னடா?"

மைக் என்னிடம் வந்து, "மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. நான் திறக்கவில்லை. இத்தனை நீளமான வாய் அன்று எங்கே போயிற்றோ தெரியவில்லை.

வேலைநிறுத்தம் தள்ளிப் போயிற்று. பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு மைக் புது நோட்டீஸோடு வந்தார். இந்தத் தடவை யார் கையெழுத்து மேலே என்று சண்டை இல்லை. முத்திரை குத்தியதும் மூன்று செயலாளர்களும் மாறி மாறி வாங்கித் தேதியைப் படித்தார்கள். ஒருவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். அதன்படி வேலைநிறுத்தம் முப்பத்தொன்றாம் தேதிதான் ஆரம்பிக்க முடியும். சேர்மன் இருபதாம் தேதியே ஊருக்குப் போய்விட்டார், அடுத்த மாதம் ஐந்தாம் தேதிதான் வருவாராம். ஆள் இல்லாத அறைக்கு எதிரே யார் வேலைநிறுத்தம் செய்வது? ஆறாம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள்.

இருபத்து நாலாம் தேதி வந்த தபாலில் என் பதவி உயர்வு ஆணையும் இருந்தது. நானே பிரித்து, நானே முத்திரை குத்தி, நானே பதிந்தேன். மாற்று ஆள் வரும்வரை இதே நாற்காலியில் இருக்கும்படி எழுதியிருந்தது.

அன்று அண்ணிதான் முதலில் வாழ்த்தினாள். "நீயாவது நல்லா இருக்கணும்" என்றாள். மாடி வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். "விடு, மக வீட்டுல என்ன குறை? நீ என்ன வேணும்னா செஞ்சே? அதையே நினைச்சுக்கிட்டுச் சாப்பிடாம கிடக்காதே" என்றாள்.

முப்பத்தொன்றாம் தேதி பென்ஷன் காகிதங்களைக் கொடுக்க அண்ணன் வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். அவரை எண்ணெய்க் கறை இல்லாத சட்டையில் அந்த அலுவலகத்தில் அன்றுதான் பார்த்தேன். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்று இருபது.

"நாலுக்கு முன்னாலயே வந்துட்டேன்" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. அது அவருக்கு வராது. முத்திரையை எடுத்துத் திருப்பி மூன்று சக்கரத்தையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். குத்தினேன். அண்ணன் தன் நகலை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேதியைப் படித்தார். அப்புறம் மடித்து வைத்துக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, மறுநாள் காலையிலேயே எனக்குத் தெரியும்" என்றேன்.

அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். வராந்தாவில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஜன்னல் கம்பிக்குக் கிட்டே குனிந்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார். "போன் பண்ணி, கொடுத்த நாளும் சேருமான்னு கேட்டியே. சட்ட அலுவலர் பதிமூணுன்னு எண்ணுனாருன்னு கேட்டப்பவே எனக்கு விளங்கிடுச்சு."

அவ்வளவு மெதுவாக அண்ணன் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்து மேசைக்குக் கூடக் கேட்டிருக்காது. அந்தத் தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

"தெரிஞ்சுமா அண்ணே அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது? நான் கிளம்பிடுவேன். நீ இன்னும் ஆறு வருஷம் இவங்களோட உக்காரணும்ல?"

"அண்ணி..."

"அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்."

"கோபமா அண்ணே?"

வராந்தாவில் நின்ற இருவரும் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அண்ணன் பழைய கத்தலில் அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே படி இறங்கினார். நான் ஜன்னலை மூடிவிட்டு மேசைக்குக் கீழே ஏதோ விழுந்ததைத் தேடுவது போல் குனிந்து அழுதேன்.

ஆறாம் தேதி வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. ஐந்தாம் தேதி ஊரிலிருந்து வந்த சேர்மன் அன்று சாயங்காலமே திருத்த ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதே வரைவு, ஒரு எழுத்து மாறவில்லை. 'இன்றைய தேதியில் பணியில் உள்ளவர்களுக்கு மட்டும்' என்ற வரியும் அப்படியே இருந்தது. பம்பு ஆபரேட்டர்கள் வராந்தாவில் மைக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஆணைக்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டு, அண்ணன் மகள் வீட்டுக்குப் போன் செய்தேன். வேறு யாரோ சொல்லித் தெரிவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அண்ணி எடுத்தாள். "நீயாம்மா? இரு, கொடுக்கறேன்" என்றவள் போனை வாயிலிருந்து விலக்கி, "உங்க தங்கச்சி பேசறா" என்றாள்.

"நான் வீட்டுல இல்லன்னு சொல்லு!"

ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தால் கூடக் கேட்டிருக்கும்.

"அவரு வெளியில போயிருக்காரும்மா. வந்ததும் பேசச் சொல்றேன்" என்றாள். பிறகு, எனக்குக் கேட்டிருக்குமோ என்ற சங்கடத்தில், "பாவம், காது கேக்காதுல்ல, அவர் குரல் எப்பவும் இப்படித்தான்" என்று தானே உளறிவிட்டுப் போனை வைத்தாள்.

அண்ணி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். மெதுவாகப் பேசவும் அண்ணனுக்குத் தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.